சங்கும் தண்டும் யாருக்கு? காஞ்சியில் நின்று விண்வெளிக் கொள்கையைப் படிப்போம்



2025 ஏப்ரல் 17 அன்று தமிழ்நாடு அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்பது இலக்கு. ஆராய்ச்சி மையங்களை இங்கே தொடங்கும் நிறுவனங்களுக்கு அரசு சம்பள மானியமும் தருகிறது. முதலாண்டில் சம்பளச் செலவில் 30 விழுக்காடு, இரண்டாமாண்டில் 20, மூன்றாமாண்டில் 10. பணமும் திறமையும் தமிழ்நாட்டைத் தேடி வர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட்டின் வான்வெளிப் பூங்கா இருக்கிறது. பரந்தூரில் விமான நிலையத்துக்காக 13 கிராமங்களின் நிலத்தைக் கேட்கிறார்கள். ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். "வேலை வரும் என்றால் நல்லதுதானே?" என்று நம் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து முதலையும் திறமையையும் அழைத்து வருவது காஞ்சிக்குப் புதிதில்லை. முன்பு அழைத்தபோதெல்லாம் நமக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

தறிக்குக் கிடைத்த மரியாதை

விஜயநகர ஆட்சிக் காலத்தில் தறி என்றால் வரி வருமானம். நெசவாளர் ஊரை விட்டுப் போனால் அரசுக்கும் கோயிலுக்கும் இழப்பு. அதனால் அவர்களைத் தக்கவைக்கச் சலுகைகள் தரப்பட்டன. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்குச் சங்கு ஊதும் உரிமையும் தண்டு எனப்பட்ட பல்லக்கில் போகும் உரிமையும் இருந்தன. 15ஆம் நூற்றாண்டில் வேறு ஊர் நெசவாளர்கள் "காஞ்சியில் இருப்பது எங்களுக்கும் வேண்டும்" என்று கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்றைய மொழியில் சொன்னால் அது அந்தக் காலத்து ஊக்கத்தொகை.

நெய்யத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தானா? தஞ்சைக் கல்வெட்டுகளில் உழுகிற பறையர், நெய்கிற பறையர் என இரு பிரிவுகள் குறிக்கப்படுவதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டுகிறார். நெசவு செய்த கோலியர்களைப் பற்றியும் அதே நூலில் எழுதுகிறார். ஓடம் ஓட்டிய கை இங்கேயும் இருந்தது. ஆனாலும் சங்கும் பல்லக்கும் சேரிக்கு வரவில்லை. எது திறமை, யார் திறமைசாலி என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

நிலத்தின் கதை

அடுத்தது 1891. காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். உழுகிறவர்கள் நிலம் பெற முடியாதபடி மிராசுதாரர்கள் எப்படித் தடுக்கிறார்கள், குடியிருக்கும் மனையைக் காட்டியே எப்படி அடக்குகிறார்கள் என்று அதில் எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. அதுதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறிப் போனது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். அறிக்கை எழுதப்பட்ட அதே மாவட்டத்தில், நூறாண்டுக்குப் பிறகு.

இந்த மண்ணில்தான் தொழிற்பூங்காக்கள் எழுந்தன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை எல்லாம் கிடைத்தன. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. எட்டே ஆண்டுகள். சலுகைக்கு ஒப்பந்தம் இருந்தது. வேலை இழந்த கிராமத்துப் பெண்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை.

ராக்கெட்டுக்கும் நிலம் வேண்டும்

விண்வெளியின் கதையும் தரையில்தான் தொடங்குகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்த ஏவுதளத்துக்காகப் பள்ளித்துறை மீனவர்கள் இடம் மாறினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவை 1969இல் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தீவின் யானாதிப் பழங்குடிகள் தங்கள் காட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நாடு பெருமைப்பட்ட ஒவ்வொரு ஏவலுக்குப் பின்னாலும் இவர்களுடைய நிலம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இஸ்ரோ அரசுத் துறை. குறைகள் இருந்தாலும், அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவைக் காட்டி அதன் கதவை நாம் தட்ட முடியும். 2020 ஜூனில் ஒன்றிய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு இல்லை. வேலை அரசிடமிருந்து தனியாருக்கு நகரும்போது நம் உரிமை அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆனால் அரசின் பணம் மட்டும் உள்ளே போகிறது. சம்பள மானியம் என்பது நம் வரிப்பணம்தானே?

"ராக்கெட் விடுவதில் சாதி எங்கே வந்தது? திறமைதானே முக்கியம்?" என்பார்கள். ராக்கெட் செய்கிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெல்டர், ஃபிட்டர், லேத் ஓட்டுபவர், வயரிங் செய்பவர், சோதனைக்கூட உதவியாளர் இல்லாமல் ஒரு எஞ்சினும் எழாது. ராக்கெட்டின் மோட்டார் உறையைக் கார்பன் இழையை நெருக்கமாகச் சுற்றிச் செய்கிறார்கள். இழையை இழுத்துப் பிடிக்கும் பதம் நெசவு ஊருக்குத் தெரியாததா? ஐடிஐ படித்த நம் பிள்ளைகளை ஒப்பந்தக் கூலியாக உள்ளே விட்டு, "திறமை" என்ற சொல்லை வெளியூர்ப் பட்டதாரிக்கு மட்டும் வைத்துக்கொண்டால், அது பழைய சங்கும் தண்டும்தான்.

நாம் கேட்க வேண்டியவை

முதலில் நிலம். சிப்காட்டுக்கோ டிட்கோவுக்கோ ஒரு சர்வே எண் போவதற்கு முன், அது பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கிராம சபையில் வைக்க வேண்டும். இதை நாமே தொடங்கலாம். உங்கள் ஊர் 'ஏ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது வேலை. சம்பள மானியம் வாங்கும் நிறுவனம் எத்தனை பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை நிரந்தரப் பணியில் எடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு அளவு, அருந்ததியர் உள்ஒதுக்கீட்டோடு சேர்த்து 18 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும், மானியத்தின் நிபந்தனையாக வேண்டும்.

மூன்றாவது முதல். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நம் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் இருக்கிறது. விண்வெளி உதிரிபாக ஒப்பந்தங்களில் அவர்களுக்குப் பங்கு ஒதுக்கினால்தான் அந்த மானியத்துக்குப் பொருள் உண்டு.

1891இல் ஒரு ஆட்சியர் நம்மைப் பற்றி எழுதினார். இந்த முறை கணக்கை நாமே எழுதுவோம். அடுத்த கிராம சபைக்குப் பதிவேட்டின் நகலோடு போவோம்.

ஜெய்பீம்.