செப்பேட்டில் வாழும் விழிஞம்

கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் தெற்கே நீண்டு பொதிகையாகிறது. பொதிகைக்கு உரியோர் ஆய் வேளிர். ஆய் அண்டிரனின் கொடையை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடினார். அம்மரபினர் பின்னாளில் ஆண்ட துறைமுகமே விழிஞம். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, பாறைக் குன்றை அரணாகக் கொண்டு கடல் நோக்கி அமைந்த ஊர் அது.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் அதனை வென்றான். கடலே அகழி, விண்ணை உரசும் மதில், மணிகள் ஒளிரும் மாடம் என அவனது சீவரமங்கலச் செப்பேடு விழிஞத்தைப் புனைகிறது. வேண்மன்னனை அழித்து யானை, குதிரை, குலதனம் ஆகியவற்றைக் கவர்ந்ததையும் அதுவே கூறும். வென்ற ஊரை உயர்த்துவது வென்றவனை உயர்த்தும் உத்தியாகும். எனவே அப்புனைவை அப்படியே வரலாறாகக் கொள்ளல் ஆகாது. எனினும், வளமற்ற துறையை நாடி வேந்தர் மீண்டும் மீண்டும் படையெடார். முதலாம் இராசராசனின் வெற்றியைத் திருவாலங்காட்டுச் செப்பேடும், குலோத்துங்கனின் வெற்றியைக் கலிங்கத்துப்பரணியும் பேசுகின்றன.

அம்மாடங்கள் இன்றில்லை. முற்றுப்பெறாத சிற்பங்களோடு சிறு குடைவரை ஒன்று நிற்கிறது. அருகே எழுந்த புதிய பெருந்துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. கரையரிப்பால் வீடிழந்த மீனவர்கள் 2022இல் அதனை எதிர்த்து நூறு நாள்களுக்கு மேல் போராடினர்.

மதிலும் மாடமும் செப்பேட்டில் இடம்பெற்றன; படகு வலித்தோர் இடம்பெறவில்லை. அரசவைப் புலவர் விட்டுச்சென்ற அவ்விடம் இன்றைய கவிஞர்க்கு உரியது.