ஆல்டோஸ்டிரோன்

அட்ரீனல் சுரப்பியின் புறணி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன், 1953இல் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீரகச் சேகரிப்பு நாளங்களின் செல்களுக்குள் நுழைந்து, தனக்குரிய ஏற்பியுடன் இணைந்து உட்கருவை அடைகிறது. அங்கே சோடியம் அயனிக் கால்வாயின் ஆல்ஃபா துணையலகுக்கான மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. புதிய புரதம் சேர மணிக்கணக்காகும். அதுவரை செல் சும்மா இருப்பதில்லை: இதே ஹார்மோன் முன்னதாகவே பெருக்கிவிடும் எஸ்ஜிகே1 என்ற நொதி, ஏற்கெனவே உள்ள கால்வாய்கள் செல்சவ்விலிருந்து அகற்றப்படுவதைக் குறைக்கிறது. இதனால் உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். ஸ்பைரனோலாக்டோன் மருந்து அந்த ஏற்பியை மறிக்கிறது. இருமலுக்கு மெல்லும் அதிமதுரத்தை நாள்கணக்கில் அளவின்றித் தின்றால் இரத்த அழுத்தம் ஏறுவதும் இவ்வழியில்தான்: கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது முடக்க, கார்ட்டிசால் அதே ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கிறது.