பெருமாள்மலையில் ஒரு வீடும் 1845ம்

போன மாசம் பெருமாள்மலையில் வாடகைக்கு விடலாம்னு ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். வத்தலக்குண்டு வழியா ஏறினவங்களுக்குத் தெரியும், கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாடி பழனி ரோடு வந்து சேருமே, அந்த ஊர்தான். பணத்தில் பாதி என்னோடது, மீதி அப்பா ரிடையர் ஆனப்ப வந்த பி.எஃப். புரோக்கர் அண்ணன் ஜன்னலைத் திறந்து பெருமாள் மலையைக் காட்டினார். மேகம் உள்ளே வந்துச்சு. நான் காலி!

"சனி ஞாயிறு மட்டும் விட்டாலே போதும் தம்பி, போட்டதை எடுத்துடலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம் வரலை. இந்த மலையில் முதலில் பங்களா கட்டினவங்க எதைப் பார்த்துக் கட்டியிருப்பாங்கன்னு ஒரு யோசனை. ஏற்கனவே படிச்சதுதான், ஆனா இந்தக் கண்ணோட யோசிச்சதில்லை.

அவர்கள் அமெரிக்கன் மதுரா மிஷன் பாதிரிமார்கள். 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். வெயிலும் நோயும் அவர்களில் பலரைச் சாய்த்தது. முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் பங்களா கட்டினார்கள். குளிர்ச்சி உண்டு, காட்சி உண்டு, மதுரைக்குக் கிட்ட. இன்றைய புரோக்கர் சொல்லும் எல்லாமே இருந்தது. ஆனால் சிறுமலை மலேரியாவுக்குத் தப்பின இடம் இல்லை. போட்ட காசு போச்சு.

அதுக்கப்புறம்தான் பழனி மலை. லெப்டினன்ட் வார்டு 1821லேயே இதை சர்வே செய்திருந்தார். 1845ல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள், சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில். கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் நிரூபித்தது 1897ல். ஆக, காரணமே தெரியாமல், எங்கே ஆள் படுக்கிறான், எங்கே படுக்கலைங்கிறதை மட்டும் வைத்து இடம் மாற்றியிருக்கிறார்கள். அதுக்காக வசதியை விட்டுக் கொடுத்தார்கள். பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறணும். வத்தலக்குண்டு வழி மோட்டார் ரோடு வந்தது 1914ல்தான்.

பின்னால் வந்தவர்களுக்குக் காய்ச்சல் பயம் இல்லை, வேற பயம். 1980களில் ஊருக்குள்ளேயே, செயின்ட் மேரீஸ் ரோட்டில், ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்து, ஆலையை மூடினார்கள். 2003ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போச்சு. அந்த ரோட்டில் அதுக்கு முன்னாடி வீடு வாங்கினவர் ஜன்னல் வழியா எதைப் பார்த்திருப்பார்?

பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் கதை உங்களுக்கே தெரியும். இரண்டு மாடிக்கு அனுமதி, எழுந்தது ஏழு. பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பு கோர்ட்டுக்குப் போய், 1995ல் உச்ச நீதிமன்றம் வரை ஹோட்டல் தோற்றது. (அதுக்கப்புறம் நடந்த அரசியல் தனிப் பதிவுக்கு ஆகும், விட்டுடறேன்.)

மறுபடி பெருமாள்மலை போனேன். இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை, புரோக்கருக்குச் சொல்லாமல். பக்கத்து டீக்கடை அக்கா, "ஏப்ரல், மே வந்தா லாரித் தண்ணிதான் தம்பி" என்றார். அக்கம்பக்கம் வாடகைக்கு விடுற வீடுகள் எத்தனைன்னு எண்ணினேன். ஒன்பது. எட்டு பூட்டியிருந்தது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேற.

அப்புறம் போனில் கட்டட அனுமதிப் பேப்பரைக் கேட்டேன். தரைத்தளத்துக்கு மட்டும் இருந்தது. எனக்குக் காட்டின ஜன்னல் முதல் மாடியில்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் தம்பி, பார்த்துக்கலாம்."

அட்வான்ஸ் கொடுக்கலை. "இப்படியே பார்த்துக்கிட்டு இரு, விலை ஏறிடும்" என்று அப்பாவுக்கு இன்னும் கோபம்.

சிறுமலையில் அந்தப் பழைய பங்களா இருந்த இடம் எதுன்னு யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்தில் சொல்லுங்க. அடுத்த லீவுக்கு அங்கேதான்.