செண்பகராமன் பிள்ளையும் பெர்லின் குழுவும்

செண்பகராமன் பிள்ளை (1891–1934) முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் வீழ்த்த முயன்ற இந்தியப் புரட்சியாளர். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்த சின்னசாமிப் பிள்ளை, நாகம்மாள் தம்பதியருக்குத் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. பள்ளிப் பருவத்திலேயே வால்டர் ஸ்டிரிக்லண்டு என்ற ஆங்கிலேயருடன் ஐரோப்பாவுக்குப் போனவர், சூரிச்சில் பொறியியல் படித்தார். 1914இல் அங்கேயே இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கி, 'புரோ இந்தியா' இதழை நடத்தினார்.

போர் மூண்டதும் பெர்லினுக்குச் சென்று, சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோரின் பெர்லின் குழுவில் இணைந்தார். ஜெர்மனியின் பணம், சான்பிரான்சிஸ்கோவில் இந்தியர் நடத்திய கதர் கட்சியின் ஆள்பலம், வங்கப் புரட்சியாளர்களின் களம் ஆகிய மூன்றையும் இணைப்பதே திட்டம். 1915 மார்ச்சில் 'ஆனி லார்சன்' என்ற பாய்க்கப்பல் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுடன் சான் டியேகோவிலிருந்து கிளம்பியது. நடுக்கடல் தீவொன்றில் 'மாவெரிக்' கப்பலிடம் சரக்கை ஒப்படைக்க வேண்டும். மாவெரிக் வரத் தாமதமாயிற்று. குடிநீர் தீர்ந்து ஆனி லார்சன் திரும்பியது. ஆயுதங்கள் அமெரிக்காவில் பறிமுதலாயின. அந்த ஆயுதங்களை எதிர்பார்த்திருந்த வங்கப் புரட்சியாளர் பாகா ஜதீன் செப்டம்பரில் பாலசோர் அருகே போலீசாருடன் போரிட்டு உயிர் துறந்தார்.

1915 டிசம்பர் 1 அன்று காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் இடைக்கால இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. அதன் வெளியுறவு அமைச்சராகக் குறிக்கப்படுபவர் செண்பகராமன். ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்த கொரியர்கள் இதேபோல் ஷாங்காயில் தங்கள் இடைக்கால அரசை நிறுவியது 1919இல்தான். அவர்களுடைய விடுதலைப் படையின் சிறு பிரிவு 1943 முதல் இந்திய–பர்மா முனையில் ஜப்பானுக்கு எதிராகப் பிரிட்டிஷாருடன் பணியாற்றியது. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியருடன் நின்றது நேதாஜியின் படை. அடிமைப்பட்ட இரு நாட்டாரும் தத்தம் எதிரியின் எதிரியோடு சேர்ந்தார்கள். இதில் எவரையும் குறை சொல்ல இடமில்லை.

1914 செப்டம்பர் 22இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் செண்பகராமன் இருந்தார் என்பது தமிழகத்தில் வேரூன்றிய கதை. அதற்கு ஆதாரமில்லை. எம்டன் சீனக் கடற்கரையின் சிங்தாவோவிலிருந்து புறப்பட்ட கப்பல். அவரோ அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. கப்பல் ஏறிய வீரர் என்று கொண்டாடப்படுவதால், அவர் உண்மையில் செய்த அமைப்புப் பணி மறைந்துபோனதுதான் மிச்சம்.

1934 மே 26 அன்று பெர்லினில் காலமானார். தம் அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவி லட்சுமிபாய் அஸ்தியைப் பல்லாண்டு காத்துவந்தார். 1966இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பல் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.