பொய்யுலகின் மெய்ச்சான்று: ஜோன் அலனின் மாதிரிப் புகையிரதப் படங்கள்

வரலாற்றாய்வாளன் ஒளிப்படமொன்றைச் சான்றாகக் கொள்ளும்போது, அதிற் காணப்படும் பொருள் ஒருகாலத்திற் கமராவின் முன் இருந்தது என்னும் நம்பிக்கையையே அடிப்படையாகக் கொள்கின்றான். அந்நம்பிக்கை எத்துணை தூரம் செல்லத்தக்கது? கலிபோர்ணியாவில் வாழ்ந்த ஜோன் அலன் (1913 - 1973) என்பார் எடுத்த மாதிரிப் புகையிரதப் படங்கள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன.

தொழில்முறை ஒளிப்படக் கலைஞரான அலன் 1940களிற் சிறியதொரு மாதிரிப் பாதையை அமைத்தார். 1950களில், மொன்ரறே நகரிலுள்ள தமது வீட்டின் நிலவறையிற் பெரியதொரு பாதையைத் தொடங்கி, முந்தியதை அதன் ஒரு பகுதியாக்கினார். 'கோரி அன்ட் டிபீட்டட்' என்பது அக்கற்பனைப் பாதையின் பெயர்; 'குருதி தோய்ந்து தோற்றது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஒலியால் நினைவூட்டும் வேடிக்கைப் பெயர் அது. யாவும் 1:87 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தன. 1.75 மீற்றர் உயரமான மனிதன் அங்கே ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயரமே உடையவன். மலைகள் தரையிலிருந்து மேலெழுந்தன. ஆடிகள் இடத்தை விரித்துக் காட்டின. இயந்திரங்களிலும் கட்டடங்களிலும் துருவும் கறையும் தீட்டப்பட்டு முதுமை ஏற்றப்பட்டது.

இவ்வுலகைப் படம்பிடித்தல் எளிதன்று. மேலிருந்து நோக்கின் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். எனவே வில்லை அச்சிறு மனிதனின் கண்மட்டத்திற்குத் தாழ்தல் வேண்டும். அண்மையிலுள்ள பொருளின்மீது வில்லையைக் குவித்தால், இயந்திரம் தெளிய, பின்னுள்ள மலை மங்கும். அம்மங்கலே பொருளின் சிறுமையைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குப் பரிகாரம் வில்லையின் துவாரத்தை மிகச் சுருக்குதலாகும். அப்போது உட்புகும் ஒளி குறைவதால், படத்தட்டில் நெடுநேரம் ஒளிபடச் செய்தல் வேண்டும். அதுவரை எதுவும் அசைதலாகாது. மலைப்பாலத்தில் விரைந்தோடுவதாகத் தோன்றும் வண்டி, உண்மையில் அசைவற்று நின்ற வண்டியே.

அலன் 1973 ஜனவரி 6ஆம் திகதி காலமானார். சில நாட்களுள் அவ்வில்லத்தில் மூண்ட தீயில், பல்லாண்டு உழைப்பாற் பிறந்த அப்பாதையின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவற்றுள் தலையாயவை படங்களே. அவற்றைத் தாங்கிய லின் வெஸ்ற்கொட்டின் நூல், அந்நூலாசிரியர் மறைந்தபின் 1981இல் வெளிவந்தது.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. மலைநாட்டுப் புகையிரதமொன்றின் சான்றுகளாகக் கொள்ளின் இப்படங்கள் பொய். அத்தகைய புகையிரதம் எங்கணும் ஓடியதில்லை. ஒரு மனிதனின் கைத்திறனுக்கும் பொறுமைக்கும் சான்றுகளாகக் கொள்ளின் அவை மெய். ஏமாற்றுவதற்கென எடுக்கப்பட்டவையே, ஏமாற்றிய கையின் வரலாற்றைக் காத்துத் தந்துள்ளன. ஆயினும் அவை முழுச்சான்றாகா. பாதையின் விளிம்பும், நிலவறையின் சுவரும், நேர அட்டவணைப்படி வண்டிகளை இயக்கக் கூடிய நண்பர்களும், அம்மாயம் குலையாதிருத்தற்பொருட்டு, அப்படங்களின் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இன்று வெவ்வேறு தூரங்களிற் குவித்தெடுத்த பல படங்களைக் கணினியால் ஒன்றாக்கி, முழுத் தெளிவைப் பெறுகின்றனர். முறை மாறினும் வினா மாறவில்லை. இப்படம் யாதினைக் காட்டுகின்றது என்பதோடு அமையாது, யாதினைக் காட்டாதிருக்க எடுக்கப்பட்டது என்றும் வினவுதல் வரலாற்று மாணவனின் கடனாகும்.