அன்னூன்

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளின் மறுவுலகு. பழைய வடிவம் அன்னூவ்ன். பின்பாதியான ‘தூவ்ன்’ ஆழத்தைக் குறிக்கும். ‘உலகம்’ என்ற பழம்பொருளும் அதற்கு உண்டு. முன்னால் நிற்கும் ‘அன்’தான் வம்பு. மிகுதிப் பொருளில் கொண்டால் ‘பேராழம்’, எதிர்மறையாகக் கொண்டால் ‘உலகல்லாதது’. அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பிற்காலக் கிறித்தவ வழக்கில் நரகச் சாயல் ஏறியது. மூலக்கதைகளிலோ அது விருந்தும் வேட்டையும் நிறைந்த அரண்மனை நாடு. ‘மபினோகி’ கதைத்தொகுப்பின் முதற்கிளையில் டவெட் நாட்டு இளவரசன் புவில், அன்னூன் அரசன் அரவுனின் நாய்கள் வீழ்த்திய மான்மேல் தன் நாய்களை ஏவிவிடுகிறான். அரவுனின் நாய்கள் பளீர் வெள்ளை, காது மட்டும் சிவப்பு. இந்த உலகத்து நாய்களல்ல என்று பார்த்ததுமே உஷாராகியிருக்க வேண்டாமா? அந்தத் தவறுக்குப் பரிகாரமாக இருவரும் ஓராண்டு உருவம் மாறி ஆட்சியை மாற்றிக்கொள்கிறார்கள். அரவுனின் பேரழகு மனைவியோடு ஒரே கட்டில். புவிலோ இரவுதோறும் முதுகைக் காட்டிப் படுத்துவிடுகிறான், பேச்சுமூச்சில்லை.

திரும்பிவந்த அரவுன் ஆசையாகப் பேச, இப்போது ராணி வாய்திறக்கவில்லை. துருவிக் கேட்டதும், ‘ஒரு வருஷமாக ஏன் திரும்பியே படுத்தீர்?’ என்ற தொனியில் பிடித்துக்கொள்கிறாள். அந்த ஓராண்டு ஆட்சியால் புவிலுக்கு ‘அன்னூன் தலைவன்’ என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது.