ஒரு புள்ளியின் இடம்: அரபுத்தமிழ் எழுத்துகளும் நாமும்

இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள பெரியபட்டினம் பழைய துறைமுகம். நொபொரு கராஷிமா முதலிய ஆய்வாளர் 1980களில் அங்கு ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகள், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அதற்கிருந்த கடல்வாணிபத் தொடர்புக்குச் சான்றாகின்றன. கப்பல்களோடு எழுத்துகளும் வந்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் வழக்கம் இக்கரையோர முஸ்லிம்களிடையே வேரூன்றியது. அதனை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அழைப்பர். அருகிலுள்ள கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றிப் பொதுமக்களுக்குச் சமய அறிவைக் கொண்டு சேர்த்தார்.

அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகளே உள. தமிழின் ப, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்கு அங்கே எழுத்தில்லை. ஆதலின் இருக்கும் எழுத்துகளுடன் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகளையும் கண்டனர். ஒரு புள்ளி நீங்கினால் சொல்லே மாறிவிடும்.

இந்தப் புள்ளிகள் கணினி யுகத்தில் புதியதொரு சோதனைக்கு உள்ளாயின. கணினி எழுத்தின் வடிவத்தை அன்று, அதற்கென ஒதுக்கப்பட்ட எண்ணையே சேமிக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் அட்டவணையே யூனிகோடு. சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் அரபு எழுத்து வடிவம் மாறினும் அதற்கு எண் ஒன்றே. வடிவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். உயிர்க்குறிகள் தனி எண் பெற்று எழுத்தின்மேல் ஏறும். மெய்யெழுத்தை வேறுபடுத்தும் புள்ளியோ எழுத்தின் உறுப்பாகவே கருதப்படுகிறது. ஆகவே புள்ளியிட்ட ஒவ்வோர் எழுத்தும் தனி எண் பெறுதல் வேண்டும். எண் பெறாத எழுத்தைத் தட்டச்சிடுவோர் அதனையொத்த வேறோர் எழுத்தை இடுவர். அப்பொழுது ஒலி மறையும், தேடினாலும் சொல் அகப்படாது.

சில அரபுத்தமிழ் எழுத்துகளுக்கு இந்த இடம் கிடைத்தது 2015ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு சூன் மாதம் வெளிவந்த யூனிகோடு எட்டாம் பதிப்பில், கீழே ஒரு புள்ளியுள்ள காஃப், கீழே மூன்று புள்ளிகளுள்ள ஐன் ஆகியவை சேர்க்கப்பட்டன.

இது அயலார் காரியம் என்று நாம் ஒதுங்கலாகாது. 1554இல் லிஸ்பனில் அச்சான கிறிஸ்தவ உபதேச நூலில் தமிழ் உரோமன் எழுத்திலேயே அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்திலான தம்பிரான் வணக்கம் 1578இல்தான் கொல்லத்தில் வெளிவந்தது. கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதினர். அதற்கென அவர்கள் சேர்த்துக்கொண்ட 11 எழுத்துகளும் 2017இல்தான் யூனிகோட்டில் இடம்பெற்றன. தாய்மொழியைத் தம் வழிபாட்டின் எழுத்தில் வரைந்ததில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே வழியில் நடந்திருக்கின்றனர். அரபு எழுத்தைக் கண்டவுடன் அதனை அந்நியமென எண்ணும் நம்மவர், அதனுள் ஒலிப்பது தம் தாய்மொழியே என்பதை உணரவேண்டும்.

எண் கிடைத்ததனால் மட்டும் நூல்கள் பிழைத்துவிடா. பழைய ஏடுகளைப் பிழையின்றி வாசித்துப் பெயர்த்தெழுத வல்லவர்கள் அருகி வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே வாசிப்பு நடைபெற வேண்டும். புள்ளி தேய்ந்த இடத்தில் எந்த எழுத்து நின்றதென்பதை இயந்திரம் தானே அறியாது, வாசித்துப் பழகிய கண்ணே அறியும். எபிரெயுவும் கிரேக்கமும் பயிலும் நம் இறையியல் மாணவர், மூலப் படிகளில் ஒரு சிறு கோடு பொருளை மாற்றுவதை நன்கறிவர். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவரும் எழுத்தின் மிகச் சிறிய உறுப்பைச் சுட்டிப் பேசினார் அன்றோ? நம் வேதத்தின் புள்ளிகளுக்குக் காட்டும் கவனத்தை அயலாரின் பக்திநூல்களுக்கும் காட்டுவது பிறரன்பின் ஒரு பகுதியாகும். இக்கரையோரத்தில் ஊழியம் செய்யும் போதகர்கள், முதிய ஆலிம் ஒருவரின் அருகிலமர்ந்து ஒரு பக்கத்தையேனும் வாசிக்கக் கேட்பார்களாயின், சமய உரையாடல் அங்கே தொடங்கிவிடும். விவாதிக்க அன்று, கற்றுக்கொள்ளவே நாம் செல்லவேண்டும்.